ரயில் பாதையோர ராட்சத கற்றாழை: சோற்றுக்கற்றாழைன்னு நினைச்சு உடைக்காதீங்க! கண்டுபிடிப்பது எப்படி? கொடைக்கானல் குளிரில் வளருமா?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைரோடு என ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். இந்த வட்டாரத்தில் ரயில் பாதை ஓரத்திலும், மானாவாரிக் காட்டு வேலிகளிலும், கரட்டுப் பகுதிகளிலும் ஆள் உயரத்துக்குக் கற்றாழை மாதிரி ஒரு செடி நிற்பதைப் பார்க்கலாம். நீலமும் சாம்பலும் கலந்த நிறம், ஓரமெல்லாம் முள், நுனியில் ஊசி. ஊரில் இதை ஆனைக்கற்றாழை என்பார்கள், ரயில் கற்றாழை என்பார்கள். சிலர் வெறுமனே "பெரிய கத்தாழை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

சிக்கல் ஆரம்பிப்பது அந்த "பெரிய கத்தாழை" என்ற பெயரில்தான். முகத்தில் தேய்க்கிற சோற்றுக்கற்றாழைதான் வளர்ந்து இப்படிப் பெரிதாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். ஒன்றின் சோறு குளிர்ச்சி, இன்னொன்றின் சாறு தோலில் பட்டால் எரிச்சல்.

2017-ல் சீனாவில் ஒரு பெண், சோற்றுக்கற்றாழை என்று நினைத்து இந்தப் பெரிய செடியின் மடலை நேரலை வீடியோவில் கடித்துத் தின்றார். சில நொடிகளிலேயே வாய் மரத்து, தொண்டை எரிய ஆரம்பித்தது. கொப்புளங்களோடு மருத்துவமனைக்குப் போனார். உலகம் முழுக்கச் செய்தியான சம்பவம் இது.

இன்னொரு பக்கம், இதே செடிக்கு இப்போது அலங்காரச் செடியாக நல்ல கிராக்கி. பண்ணை வீடு, ரிசார்ட், மலையில் காட்டேஜ் எல்லாவற்றிலும் வாசலில் ஒரு பெரிய அகேவ் வைக்க ஆசைப்படுகிறார்கள். அதை எப்படி அடையாளம் காண்பது, எங்கே வாங்குவது, குளிர்ப் பிரதேசத்தில் பிழைக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

கற்றாழை என்ற பெயரைப் பிரித்தால் கல் + தாழை. தாழை மடல் போன்ற இலை, கல் நிலத்திலும் வளரும் தன்மை இரண்டையும் பெயரே சொல்லிவிடுகிறது. அதனால் கெட்டியான மடலோடு ரோஜா இதழ் அடுக்கு மாதிரி விரிந்து நிற்கும் எந்தச் செடிக்கும் நம்மவர்கள் கற்றாழை என்றே பெயர் வைத்தார்கள். மடலுக்குள் சோறு இருந்தால் சோற்றுக்கற்றாழை. பெரிதாக இருந்தால் ஆனைக்கற்றாழை. ரயில் பாதையில் நின்றால் ரயில் கற்றாழை.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். இந்தச் செடிக்கு அங்கே பழைய பெயர் "அமெரிக்கன் ஆலோ". ஆலோ என்றால் சோற்றுக்கற்றாழை. ஆக, வெள்ளைக்காரரும் குழம்பியிருக்கிறார்கள்.

தாவரவியலில் இதன் பேரினம் அகேவ். 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர். மேன்மையானது, கம்பீரமானது என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உலகில் 200-க்கும் மேற்பட்ட அகேவ் இனங்கள் இருக்கின்றன. எல்லாமே அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை, பெரும்பாலானவை மெக்சிகோவில். சோற்றுக்கற்றாழையின் சொந்தங்களோ ஆப்பிரிக்கா, அரேபியா பக்கம். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு இல்லை. வறண்ட நிலத்தில் பிழைக்க வேண்டும் என்ற ஒரே தேவை, இரண்டுக்கும் ஒரே மாதிரி உருவத்தைக் கொடுத்துவிட்டது.

மெக்சிகோ செடி மதுரைக்கு எப்படி வந்தது?

ஐரோப்பியக் கப்பல்கள் வழியாகத்தான். மிளகாய், தக்காளி, பப்பாளி வந்த அதே அமெரிக்க வழி. இந்தியாவுக்கு வந்த பிறகு இதற்கு இரண்டு வேலை கிடைத்தது. ஒன்று வேலி, இன்னொன்று நார்.

1870-களில் மதுரைப் பக்கம் ரயில் வந்தது. பாதைக்குள் ஆடு மாடு புகாமல் தடுக்க மலிவான வேலி தேவைப்பட்டது. கம்பி வேலி செலவு. முள்மரம் வைத்தால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அகேவ் நட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு கடிக்காது, பக்கத்தில் கன்று வெடித்துத் தானே அடர்ந்துவிடும். இந்தியாவில் பல இடங்களில் ரயில் பாதை ஓரம் இதை வேலியாக நட்டார்கள். ரயில் கற்றாழை என்ற பெயருக்குக் காரணம் அதுதான்.

நார் கதையும் பழையது. இந்தச் செடி வருவதற்கு முன்பே நம்ம ஊரில் மருள் என்ற செடியிலிருந்து நார் எடுத்துக் கயிறு திரித்தார்கள். பிறகு கற்றாழை நாரும் சேர்ந்துகொண்டது. மடலை வெட்டி, நசுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, சதையைச் சுரண்டி எடுத்தால் வெள்ளை நார் கிடைக்கும். பிளாஸ்டிக் கயிறு வந்த பிறகு தேவை குறைந்துவிட்டது. வேலி மட்டும் மிச்சம் இருக்கிறது.

எது எந்தச் செடி என்ற குழப்பம் அப்போதே அதிகாரிகளுக்கும் இருந்தது. 1906-ல் டிரம்மண்ட், டேவிட் பிரெயின் இருவரும் இந்தியாவில் வளரும் அகேவ், ஃபர்கிரேயா இனங்களைப் பிரித்துக் காட்டத் தனிக் குறிப்பே வெளியிட்டார்கள்.

ஆறு செடிகள், ஆறு அடையாளங்கள்

தமிழ்நாட்டில் "பெரிய கத்தாழை" என்ற பெயரில் கண்ணில் படுவதும், நர்சரியில் விற்பதும் பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்றுதான்.

1. சோற்றுக்கற்றாழை: ஆலோ வேரா. பொதுவாக முழங்கால் உயரம், அதிகம் போனால் இடுப்பளவு. மடல் சதைப்பற்றாக இருக்கும். ஓரத்தில் வெள்ளையாகச் சின்ன மென்முள். நுனியில் கெட்டியான ஊசி கிடையாது. உடைத்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பான சோறு. தோலை ஒட்டி மஞ்சளாகக் கசப்புப் பால் வரும். பூத்த பிறகும் செடி சாகாது.

2. ஆனைக்கற்றாழை: அகேவ் அமெரிக்கானா. மடல் 1 முதல் 2 மீட்டர் நீளம், 15 முதல் 25 செ.மீ. அகலம். நீலச் சாம்பல் நிறம். ஓரமெங்கும் கொக்கி முள், நுனியில் பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் 2 முதல் 5 செ.மீ. நீள ஊசி. மடல்கள் கீழ்ப்பக்கம் வளைந்து மடங்கி நிற்பது சகஜம். மஞ்சள் பட்டை போட்ட வகையும், நடுவில் வெள்ளைக் கோடு போட்ட வகையும் நர்சரியில் கிடைக்கும்.

3. சிசல்: அகேவ் சிசலானா. மடல் பட்டாக்கத்தி மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். நீளம் 1 முதல் 1.5 மீட்டர். பெரிய செடியில் ஓரத்தில் முள் இருக்காது, நுனியில் மட்டும் கறுத்த ஊசி. மெக்சிகோவின் யுகாடானில் உள்ள சிசல் துறைமுகத்தின் பெயர்தான் இதற்கு. கயிறு, டார்ட் போர்டு எல்லாம் இதன் நாரில் செய்வார்கள். ஒரு மடலில் ஏறக்குறைய 1,000 நார் இழை. ஆனாலும் மடலின் எடையில் நார் 4 சதவீதம் அளவுக்குத்தான் தேறும். ஒடிசாவின் சம்பல்பூர் மாவட்டம் பாம்ராவில் இதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

4. வெள்ளைக்கரை அகேவ்: அகேவ் அங்குஸ்டிஃபோலியா. பூங்காக்களிலும் வீட்டு வாசல்களிலும் அதிகம் தென்படுவது இதுதான். ஒடுங்கிய மடல், இரண்டு ஓரமும் வெள்ளைக் கரை போட்ட மாதிரி இருக்கும். எல்லாப் பக்கமும் விறைப்பாக நீட்டிக்கொண்டு பந்து வடிவில் நிற்கும். ஓரத்தில் சின்னச் சின்ன முள், நுனியில் ஊசி. ஆனைக்கற்றாழை அளவுக்குப் பெரிதாகாது.

5. முள்ளில்லா அகேவ்: அகேவ் அட்டெனுவாட்டா. வெளிர்பச்சை, மிருதுவான அகல மடல். முள்ளே கிடையாது. பூத்தண்டு நரிவால் மாதிரி வளைந்து தொங்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஏற்றது. ஆனா உறைபனி தாங்காது.

6. ஃபர்கிரேயா: இது அகேவே இல்லை, அதன் பங்காளி. "மொரிஷியஸ் ஹெம்ப்" என்று வணிகத்தில் பெயர். பளிச்சென்ற பச்சை, மெல்லிய மடல். அடிப்பக்கம் மட்டும் சில கொக்கி முள் இருக்கலாம். நுனியைத் தொட்டால் குத்தாது. பூ பச்சை கலந்த வெள்ளை, தலைகீழாகத் தொங்கும். அகேவின் பூ மேல்நோக்கி நிற்கும். பூத்தண்டு முழுக்கக் குட்டிச் செடிகள் நூற்றுக்கணக்கில் முளைத்துக் கொட்டும்.

தொடாமலேயே கண்டுபிடிக்க 5 கேள்விகள்

செடி முன்னால் நின்று, கையை வைக்காமல் வரிசையாகப் பாருங்க.

* நுனியில் கெட்டியான ஊசி இருக்கா? இருந்தால் சோற்றுக்கற்றாழை இல்லை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

* ஓரத்தில் முள் எப்படி? அடி முதல் நுனி வரை கொக்கி முள் என்றால் ஆனைக்கற்றாழை. ஓரம் வழவழப்பு, நுனியில் மட்டும் ஊசி என்றால் சிசல்.

* மடலின் மேல் முள் அச்சு தெரியுதா? ஆனைக்கற்றாழையில் மடல்கள் நடுக்குருத்தில் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருந்து பிறகுதான் விரியும். பக்கத்து மடலின் முள் வரிசை இதன் மேல் அச்சுப் பதித்த மாதிரி நிற்கும். சோற்றுக்கற்றாழையில் இப்படி இருக்காது.

* பூத்தண்டு எவ்வளவு உயரம்? சோற்றுக்கற்றாழை என்றால் ஒரு மீட்டர் அளவுக்குள். ஆனைக்கற்றாழை என்றால் மின்கம்பம் மாதிரி 5 முதல் 9 மீட்டர், பக்கவாட்டில் தட்டுத் தட்டாகக் கிளை, அதன் மேல் மஞ்சள் பூங்கொத்து.

* பூத்தண்டில் குட்டிச் செடி முளைச்சிருக்கா? சிசலிலும் ஃபர்கிரேயாவிலும் ஏராளமாக இருக்கும். ஆனைக்கற்றாழையில் அபூர்வம்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் என்றால் கையுறை போட்டு, பழைய மடல் ஒன்றின் நுனியை மட்டும் வெட்டிப் பார்க்கலாம். வழவழப்பான சோறு வந்தால் ஆலோ. நூல் நூலாக நார் பிரிந்தால் அகேவ் அல்லது ஃபர்கிரேயா. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால், முழுச் செடி, மடல் ஓரம், நுனி, பூ நான்கையும் தனித்தனியாகப் படம் எடுத்து, தாவரவியல் துறை இருக்கும் கல்லூரியில் காட்டலாம். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பழனி மலைச் செடிகளுக்கு கே.எம்.மேத்யூ எழுதி 1999-ல் வந்த தாவரத் தொகுப்பு நூல் முக்கியமான ஆதாரம்.

சாறு பட்டால் என்ன ஆகும்?

அகேவ் மடலின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக மிதக்கிறது. தோலில் பட்டதும் இந்த ஊசிகள் குத்தி ஏறும். சாற்றில் உள்ள மற்ற ரசாயனங்கள் அந்தத் துளை வழியாக உள்ளே போகும். அரிப்பு, எரிச்சல், சிவந்த தடிப்பு, சிலருக்குக் கொப்புளம். மெக்சிகோவில் டெக்கீலா மது தயாரிக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் இந்தத் தோல் பாதிப்பு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

நம்ம ஊரில் ஆபத்து அதிகம் இருப்பது வேலி சுத்தம் செய்யும்போதுதான். மெஷின் ரம்பம், புல்வெட்டும் இயந்திரம் வைத்து இதை வெட்டினால் சாறு உடம்பு முழுக்கத் தெறிக்கும். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி இல்லாமல் அந்த வேலையில் இறங்கவே கூடாது.

பட்டுவிட்டால் தேய்க்காதீங்க. சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்க. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் தொடர்ந்து கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்க. நுனி முள் மூட்டுப் பக்கம் குத்தி உள்ளே ஒடிந்துவிட்டால், வீட்டிலேயே குடைந்து எடுக்கப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போவதுதான் சரி.

பூத்தால் செத்துடும்! வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க

இந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் "நூறாண்டுச் செடி" என்று ஒரு பெயர். 100 வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும் என்ற நம்பிக்கையில் வந்தது. உண்மையில் ஆனைக்கற்றாழை 10 முதல் 30 வருஷத்துக்குள் பூத்துவிடும். வெயில் அதிகமான ஊரில் சீக்கிரம், குளிர் ஊரில் தாமதம்.

அதிகபட்ச தாமதத்துக்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மத்தாய் தாவரவியல் பூங்காவில், 1934-ல் மெக்சிகோவிலிருந்து கொண்டு வந்த ஓர் ஆனைக்கற்றாழை கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்தது. பூத்தது 2014-ல். 80 வருஷம்! தண்டு கூரையை முட்டியதால் கண்ணாடியைக் கழற்றி வழிவிட்டார்கள்.

பூப்பது ஒரே ஒரு முறை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சத்தையெல்லாம் அந்தத் தண்டில் கொட்டிவிட்டு, தாய்ச்செடி மடல் வதங்கிச் சாகும். சுற்றி இருக்கும் பக்கக்கன்றுகள் தொடர்ந்து வளரும்.

பெரிய செடி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். எவ்வளவு பெரிதோ அவ்வளவு விலை. ஆனால் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சாவுக்கும் பக்கம். நடுக்குருத்தில் புதிதாக வரும் மடல்கள் திடீரென்று சின்னதாக, ஒடுங்கலாக வந்தாலோ, நடுவில் தடித்த முளை மாதிரி எழும்பினாலோ அந்தச் செடி பூக்கப் போகிறது என்று அர்த்தம். அதை வாங்கினால் சில மாதத்தில் காய்ந்த கட்டைதான் மிஞ்சும். தண்டை வெட்டிவிட்டாலும் பெரும்பாலும் செடி பிழைக்காது.

கொடைக்கானல் குளிரில் வளருமா?

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி மலையேறினால் சுமார் 80 கி.மீ.யில் கொடைக்கானல். மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் அங்கே பள்ளமான இடங்களில் உறைபனி படிவதும் உண்டு. சமயநல்லூர் பக்கம் வேலியில் நிற்கும் செடி அங்கே தாங்குமா?

ஆனைக்கற்றாழை என்றால், தாங்கும். மண் காய்ந்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரிக்கும் அதிகமான குளிரைக்கூட சமாளிக்கும் செடி அது. மெக்சிகோவில் இதன் சொந்த ஊரே மேட்டு நிலம்தான். சிசல், முள்ளில்லா அகேவ் இரண்டும் உறைபனியில் கருகும். மலைக்குக் கொண்டுபோக ஏற்ற பெரிய அகேவ் எது என்றால் பதில் ஆனைக்கற்றாழைதான்.

ஆனா குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம். மதுரையில் ஆண்டு சராசரி மழை 850 மி.மீ. அளவு. கொடைக்கானலில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் குளிரும் ஒன்றாக வரும். வேர் நாள்கணக்கில் சேற்றில் நின்றால் அழுகும். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி, அதன் மேல் பனியும் விழுந்தால் குருத்தே அழுகிவிடும். மலையில் அகேவ் செத்தால் "குளிர் தாங்கல" என்பார்கள். பல நேரம் நிஜக் காரணம் வடிகால் இல்லாத மண்.

மலையில் நடும்போது செய்ய வேண்டியவை:

* சமதளத்தில் குழி தோண்டி நடாதீங்க. சரிவிலோ, கல் அடுக்கிய மேட்டிலோ நடுங்க.

* மண்ணில் பாதிக்குப் பாதி சரளை, ஆற்று மணல், உடைகல் கலந்தால் நல்லது. சாண உரம் அதிகம் வேண்டாம்.

* செடியை லேசாகச் சாய்த்து நட்டால் நடுவில் தண்ணீர் தேங்காது.

* தெற்கு அல்லது மேற்கு வெயில் படும் சுவர் ஓரம் சிறந்த இடம். சுவர் பகலில் வாங்கும் சூட்டை இரவில் கொடுக்கும்.

* முதல் இரண்டு மழைக்காலத்துக்குச் செடிக்கு மேல் சாய்வாக ஒரு தகடோ, பாலிதீன் கூரையோ போடலாம். செடியையே மூடிக் கட்டக் கூடாது, காற்று போக வேண்டும்.

* பட்டை போட்ட வகைகள் பச்சை வகையைவிட மெதுவாக வளரும். குளிரும் கொஞ்சம் குறைவாகத்தான் தாங்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வெளிநாட்டுச் செடிகள் சோலைக்காட்டுக்குள்ளும் புல்வெளியிலும் பரவுவது பழனி மலையில் ஏற்கெனவே பெரிய பிரச்னை. ஆனைக்கற்றாழையும் ஃபர்கிரேயாவும் பல நாடுகளில் ஆக்கிரமிப்புச் செடிகளாகக் கருதப்படுகின்றன. தமிழக அரசும் 2022-ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதனால் பிடுங்கிய கன்றுகளைக் காட்டோரம், ஓடையோரம் வீசாதீங்க. நூற்றுக்கணக்கில் குட்டி போடும் ஃபர்கிரேயாவை மலையில் நடாமல் இருப்பதே நல்லது.

எங்கே வாங்குவது?

முதலில் எங்கே எடுக்கக் கூடாது என்று பார்த்துவிடுவோம். ரயில் பாதை ஓரம் யாரும் பார்த்துக்கொள்ளாமல் நிற்கிறது, ஒன்றைத் தோண்டினால் என்ன என்று தோன்றும். அது ரயில்வே நிலம். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி, அனுமதியில்லாமல் நுழைந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டத்தைவிட முக்கியம் உயிர். மின்சார ரயில் என்ஜின் பக்கத்தில் வரும் வரை சத்தம் தெரியாது. வனத்துறை நிலத்திலும் இதே மாதிரி கை வைக்கக் கூடாது.

சரியான வழிகள் மூன்று.

முதல் வழி, தனியார் தோட்ட வேலி. சமயநல்லூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டி சுற்று வட்டாரத்தில் பழைய வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடும் விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தொல்லை, உங்களுக்குச் செடி. நிலத்துக்காரரிடம் கேட்டு, வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் பேசிக்கொண்டால் பெரிய செடிகூட மலிவாக முடியும்.

இரண்டாவது வழி, நர்சரி. பட்டை போட்ட வகை, முள்ளில்லா வகை வேண்டும் என்றால் இதுதான் வழி. "அகேவ்" என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுப்பார்கள். கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்க: "அண்ணே, இது எந்த வகை? எத்தனை வருஷச் செடி? மண்ணுல வளர்ந்ததா, தொட்டியில வளர்ந்ததா? பக்கக்கன்னு எடுத்ததா?" தொட்டியில் வேர் பிடித்த செடி, இடம் மாறினாலும் சுணங்காது.

மூன்றாவது வழி, கன்று. ஆனைக்கற்றாழை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் பக்கக்கன்று வேண்டாத அளவுக்கு இருக்கும். ஓரடி உயரக் கன்றை வேரோடு எடுத்து, வெட்டுக்காயம் காய ஒரு வாரம் நிழலில் போட்டு நட்டால் போதும். செலவே இல்லை. பொறுமை இருந்தால் இதுதான் சிறந்த வழி. பூக்க இன்னும் பல வருஷம் இருக்கிறது என்பதும் நிச்சயம்.

பெரிய செடியைப் பெயர்த்து எடுப்பது எப்படி?

வேலை நாளுக்கு முன்பே நுனி ஊசிகளை மட்டும் கத்தரியால் நறுக்கிவிடுங்க. மடலை வெட்ட வேண்டாம். அடியிலிருந்து தொடங்கி, மடல்களை மேல்நோக்கி அணைத்துச் சாக்கு சுற்றிக் கயிறு போட்டுக் கட்டணும். பிறகு சுற்றிலும் மண்வெட்டியால் வட்டம் போட்டு, கடப்பாரையால் நெம்பினால் செடி சாயும். வேர் ஆழமாக இருக்காது, பரவலாகத்தான் இருக்கும். வளர்ந்த செடி ஒன்று இரண்டு பேர் தூக்க முடியாத எடை வரும், ஆளையும் வண்டியையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யணும்.

பெயர்த்த செடியை உடனே நடக் கூடாது. வேர்க்காயம் ஆற ஒரு வாரம் நிழலில் வைக்கணும். நட்ட பிறகும் முதல் வாரம் தண்ணீர் வேண்டாம். கீழ் மடல்கள் ஒன்றிரண்டு வதங்கினால் பயப்பட வேண்டாம், நடுக்குருத்து கெட்டியாக இருந்தால் செடி பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். மலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பிப்ரவரி, மார்ச் சரியான நேரம். மழைக்கும் குளிருக்கும் முன்னால் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

வெளிநாட்டுத் தமிழர்கள் ஊரிலிருந்து கொண்டுபோகலாமா?

லண்டன், டொராண்டோவில் இருக்கும் உறவினருக்கு ஊர்க் கன்று ஒன்று பெட்டியில் போட்டு அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். உயிருள்ள செடிக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகும். அந்தந்த நாட்டு நர்சரியில் வாங்குவதே எளிது. கடும் பனி விழும் ஊர் என்றால் ஆனைக்கற்றாழையும் வெளியே பிழைக்காது. தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுக்கணும். வெளியிலேயே வைக்க வேண்டும் என்றால் அகேவ் பாரி என்ற வகையைத் தேடலாம். அளவில் சின்னது, ஆனால் ஈரம் இல்லாத மண்ணில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிக்கும் மேலான குளிரைத் தாங்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனைக்கற்றாழைச் சாற்றை முகத்தில், தலையில் தேய்க்கலாமா?
கூடாது. அழகுக்குப் பயன்படுத்துவது சோற்றுக்கற்றாழை மட்டும்.

டெக்கீலா இதிலிருந்துதான் எடுக்கிறார்களா?
இல்லை. டெக்கீலாவுக்கு நீல அகேவ் எனப்படும் அகேவ் டெக்கிலானா என்ற இனம் மட்டுமே.

வேலியாக இப்போதும் நடலாமா?
வறண்ட நிலத்தில் ஆடு மாடு தடுக்க நல்ல வேலிதான். பாதை ஓரம், பள்ளி ஓரம், குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் வேண்டாம். நடந்து போகிறவர் கண் உயரத்தில் ஊசி நிற்கும்.

வீட்டு வாசலில் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்?
முழுதாக வளர்ந்த ஆனைக்கற்றாழை 3 மீட்டருக்கு மேல் அகலம் பிடிக்கும். நடைபாதையிலிருந்து குறைந்தது 2 மீட்டராவது தள்ளி நடணும். இடம் இல்லை என்றால் முள்ளில்லா வகை.

பக்கத்தில் கன்று வெடித்துக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது?
ஓரடிக்குள் இருக்கும்போதே கடப்பாரையால் நெம்பி எடுத்துவிடுங்க. விட்டால் சில வருஷத்தில் புதராகும். எடுத்த கன்றைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம், அல்லது வேர் மேலாக வெயிலில் போட்டு முழுசாகக் காய்ந்த பிறகு குப்பையில் சேர்க்கலாம்.